லிங்கன் படத்தைத் திருப்பி வைத்தவர்கள்: அமெரிக்கக் கட்சிகளின் மாற்று வரலாறுகள் பற்றி

மாற்று வரலாறு எழுதுகிறவர்களுக்கு அமெரிக்க அரசியலில் ரொம்பப் பிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. பழைய சம்பவம் ஒன்றைக் கொஞ்சம் திருப்பிவிடுவார்கள். தோற்றவர் ஜெயிப்பார், செத்தவர் பிழைத்துக்கொள்வார். அப்புறம் ஐம்பது வருஷம் தள்ளிப் போய்ப் பார்த்தால் குடியரசுக் கட்சி நின்ற இடத்தில் ஜனநாயகக் கட்சி நிற்கும். அது நின்ற இடத்தில் வேறு யாராவது நிற்பார்கள். மொந்தை அதே, கள் வேறு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இது நிஜத்திலேயே நடந்து முடிந்த கதை. 1860 தேர்தலில் தெற்கின் பத்து மாநிலங்களில் லிங்கன் பெயரில் வாக்குச்சீட்டே கிடையாது. அவருடைய குடியரசுக் கட்சி, அடிமை முறை பரவுவதை எதிர்த்து 1854இல் பிறந்த வடக்கத்திக் கட்சி. இன்றைக்கு அந்தக் கட்சியின் கோட்டை எது என்று கேட்டால் அதே தெற்குதான். முதலில் அடிமை முறைக்கும், பிறகு இன ஒதுக்கலுக்கும் காவல் நின்ற ஜனநாயகக் கட்சிக்குத்தான் இன்று கறுப்பின வாக்காளர்களில் பெரும்பான்மையோர் ஓட்டுப் போடுகிறார்கள். ஒரு நாவலாசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் "நம்புற மாதிரி இல்லையே சார்" என்று சொல்லியிருப்போம்.

ஆகவே இந்த வகைக் கதைகளைப் படிக்கும்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஒரு கட்சியை அது நின்ற இடத்திலிருந்து நகர்த்துவது யார்? இந்தக் கேள்விக்கு அந்தக் கதை என்ன பதில் வைத்திருக்கிறது? இரண்டு படைப்புகளை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ஒன்று பழசு, ஒன்று ஓரளவு புதுசு.

சர்ச்சில்: ஒரு தளபதி, ஒரு அறிவிப்பு

1930இல் வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு கட்டுரை எழுதினார். கெட்டிஸ்பர்க் போரில் லீ ஜெயிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் தலைப்பு. அடுத்த வருஷம் ஜே. சி. ஸ்கொயர் தொகுத்த ஒரு நூலிலும் அது வந்தது. தலைப்பிலேயே குறும்பு இருக்கிறது பாருங்கள். 1863இல் தெற்கின் தளபதி லீ உண்மையிலேயே ஜெயிக்கவில்லை. ஆனால் கட்டுரையைச் சொல்பவர் லீ ஜெயித்த உலகத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஒருவேளை தோற்றிருந்தால்?" என்று நம்முடைய உலகத்தைக் கற்பனை செய்து பார்க்கிறார்.

அந்த உலகத்தில் லீ வாஷிங்டனுக்குள் நுழைந்ததும் தெற்கில் அடிமை முறை ஒழிந்தது என்று அறிவித்துவிடுகிறார். தெற்கை ஆதரிக்க பிரிட்டனுக்கு இருந்த கூச்சம் அதோடு போய்விடுகிறது. இரண்டுக்கும் கூட்டணி. அதன் அதிர்வு லண்டன் வரைக்கும் போய் அங்கே கட்சிகள் புரள்கின்றன. நிஜத்தில் லிபரல் கட்சியின் பெரிய தலைவரான கிளாட்ஸ்டன் அங்கே கன்சர்வேட்டிவ் தலைவர். கன்சர்வேட்டிவ் டிஸ்ரேலி அங்கே சாமானியரைத் திரட்டும் தீவிரவாதி.

கேட்பதற்கு விபரீதம் மாதிரி இருந்தாலும் சர்ச்சில் காற்றில் கட்டவில்லை. கிளாட்ஸ்டன் 1832இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததே டோரியாகத்தான். டிஸ்ரேலியிடம் சாமானியர் ஓட்டைப் பிடிக்கும் சாமர்த்தியம் நிஜமாகவே இருந்தது. எழுதியவரும் சும்மா ஆள் இல்லை. 1904இல் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து லிபரலுக்குப் போய், 1920களில் திரும்பி வந்தவர். கட்சி தாவலைப் பற்றி எழுத அவரை விடத் தகுதியான ஆள் யார்?

ஆனால் அந்தத் தகுதியே கட்டுரையின் குறையும் ஆகிவிடுகிறது. சர்ச்சிலுக்குக் கட்சி என்பது தலைவர் ஏறி இறங்கும் வண்டி. லீ அறிவித்தால் அடிமை முறை போய்விடும். டிஸ்ரேலி தீர்மானித்தால் டிஸ்ரேலியின் கூட்டமும் கூடவே வந்துவிடும். ஓட்டுப் போடுகிறவர்கள் வண்டியில் ஏற்றிய மூட்டைகள். இதைவிட மோசமான இடம் ஒன்றும் உண்டு. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை கொடுத்துச் சமத்துவம் பேசியதை, லீ தோற்ற உலகத்தில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு மடத்தனமாக அவர் சித்தரிக்கிறார். அவருடைய நல்ல உலகம் நல்லபடியாக நடப்பதற்குக் காரணமே, அங்கே அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான்.

டர்டில்டவ்: தரை நகர்கிறது

ஹாரி டர்டில்டவின் 'ஹவ் ஃப்யூ ரிமெயின்' 1997இல் வந்த நாவல். இதன் திருப்பம் மூன்று சுருட்டுகள். 1862 செப்டம்பரில் லீயின் படைத்திட்டம் எழுதிய தாளில் சுற்றிய மூன்று சுருட்டுகள் மேரிலாந்தில் ஒரு வயலில் கிடந்து வடக்குப் படை வீரர்கள் கையில் அகப்பட்டன. நாவலில் அந்தத் தாள் அகப்படுவதில்லை. தெற்கு ஜெயித்துத் தனி நாடாகிவிடுகிறது. கதை நடப்பது 1881இல். லிங்கன் சுடப்படவில்லை, பதவியிழந்து, போரில் தோற்ற தலைவர் என்ற கெட்ட பெயரோடு ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர் உரிமை பேசுகிற கிழவராக வருகிறார். கடைசியில் குடியரசுக் கட்சியை உடைத்துத் தன் ஆட்களைச் சோஷலிஸ்டுகளிடம் கூட்டிக்கொண்டு போகிறார்.

இது சர்ச்சிலின் கட்டுரையை விட எவ்வளவோ மேல். டர்டில்டவ் புது லிங்கன் ஒருவரைச் செய்யவில்லை. உழைப்புதான் மூலதனத்துக்கு முந்தியது என்று 1861 டிசம்பரிலேயே நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் சொன்னவர் நிஜ லிங்கன். அவர் மறுபடி ஜெயித்தபோது, சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் வாழ்த்து எழுதியவர் கார்ல் மார்க்ஸ். ஏற்கெனவே இருந்த ஒரு நூலைப் பிடித்து நாவல் இழுத்துக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். ஆள் மாறவில்லை, அவர் காலுக்குக் கீழே தரை நகர்கிறது. தொடர்ந்து வந்த நாவல்களிலும் இதே தர்க்கம்தான். தோல்விக்குப் பழி வாங்கத் துடிக்கும் அந்த அமெரிக்காவில் ராணுவக் கட்சி ஜனநாயகக் கட்சிதான். அதனால் தியடோர் ரூஸ்வெல்ட் அங்கே ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி. 1920இல் அவரைத் தோற்கடிப்பவர் சோஷலிஸ்ட் கட்சியின் அப்டன் சின்க்ளேர். படிக்கும்போது ரூஸ்வெல்ட் அங்கே போய்ச் சேர்ந்தது நமக்கு அதிசயமாகவே படுவதில்லை. இந்த வகை எழுத்தில் இது பெரிய சாதனை.

ஆனாலும் ஒரு கணக்கு உதைக்கிறது. அடிமை மாநிலங்கள் பிரிந்து போய்விட்டதால் டர்டில்டவின் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ரொம்பச் சொற்பம். ஃபிரடெரிக் டக்ளஸ் நாவலில் ஒரு முக்கியமான பாத்திரம், கதையின் ஒரு பகுதியை அவர் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். மனசாட்சியின் குரலாக வருகிறார். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் ஓட்டு இல்லை. அதனால் அங்கே கட்சிகள் முதலாளி, தொழிலாளி என்ற ஒரே கோட்டில் சுலபமாக இடமும் வலமும் நகர முடிகிறது. நிஜத்தில் அந்த நகர்வை இழுத்த எஞ்சின் எதுவோ, அது நாவலில் கழற்றி வைக்கப்பட்டுவிட்டது.

வீடு அதே, குடித்தனம் வேறு

அந்த எஞ்சினைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "கட்சிகள் இடம் மாறிக்கொண்டன" என்ற வாசகமே பாதிதான் சரி. வியாபாரிகள் விஷயத்தில் குடியரசுக் கட்சி அப்படியொன்றும் மாறவில்லை. 1860களில் தொழிலதிபர்களுக்கு இறக்குமதி வரி, ரயில்வேக்கு நிலம் என்று கொடுத்த கட்சி அது. 1920களிலும் வியாபாரத்தின் கட்சி, இன்றும் அப்படித்தான். ஜனநாயகக் கட்சி 1896இல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்தியபோதே விவசாயி, கடனாளி பக்கம் பேச ஆரம்பித்துவிட்டது. ஆனால் இன விஷயத்தில் அசையவில்லை. உட்ரோ வில்சன் ஆட்சியில் ஒரு பக்கம் வருமான வரி, பெடரல் ரிசர்வ் என்று சீர்திருத்தம். இன்னொரு பக்கம் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே ஒதுக்கும் வேலை. எதிர்முகாமும் யோக்கியம் இல்லை. 1912இல் குடியரசுக் கட்சியை உடைத்துக்கொண்டு போன தியடோர் ரூஸ்வெல்ட்டின் முற்போக்குக் கட்சி மாநாடு, தெற்கிலிருந்து வந்த கறுப்பினப் பிரதிநிதிகளை உள்ளே சேர்க்கவில்லை.

ஆக, இரண்டு பேர் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்ட கதை இல்லை இது. ரெண்டு பெரிய வாடகை வீடுகள். அவற்றில் குடியிருந்தவர்கள் ஒரு தலைமுறைக்கு ஒரு குடும்பமாகக் காலி செய்து போனார்கள், வேறு ஆட்கள் வந்தார்கள். ஒரு அறை காலியாகி இன்னொரு அறை காலியாக முப்பது வருஷம்கூட ஆனது. வாசல் பலகை மட்டும் மாறவே இல்லை.

ரயிலில் போன ஓட்டு

முதலில் யார் காலி செய்தார்கள்? இதுதான் விஷயம்.

1914இல் அமெரிக்காவுக்கு வந்து குடியேறியவர்கள் 12 லட்சம் பேர். முதல் உலகப் போர் அந்த வழியை அடைத்தது. 1918இல் வந்தவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். சிகாகோ, டெட்ராய்ட், பிட்ஸ்பர்க் ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. தெற்கின் பருத்திக் காடுகளிலிருந்து கறுப்பின மக்கள் ரயிலேறினார்கள். 1970 வரைக்கும் கணக்குப் பார்த்தால் சுமார் 60 லட்சம் பேர். 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகை "கிளம்பி வாருங்கள்" என்று எழுதியது. அந்தப் பத்திரிகையைத் தெற்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் புல்மன் ரயில் பெட்டிகளின் ஊழியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மிசிசிப்பியில் தேர்தல் வரி, எழுத்தறிவுச் சோதனை, அதையும் தாண்டினால் துப்பாக்கி. ஓட்டு என்பது அவர்களுக்குக் காகிதத்தில் இருந்த உரிமை. சிகாகோவில் இறங்கியதும் அது நிஜ ஓட்டாக மாறிவிட்டது. முதலில் அந்த ஓட்டு விழுந்தது லிங்கனின் கட்சிக்குத்தான். 1928இல் சிகாகோவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ஆஸ்கர் டி பிரீஸ்ட் குடியரசுக் கட்சிக்காரர். 1932இல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையின் ராபர்ட் வான், லிங்கனுக்குப் பட்ட கடன் தீர்ந்துவிட்டது, அவர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள் என்ற பொருளில் பேசினார். அந்தத் தேர்தலில் பெரும்பாலானோர் கேட்கவில்லை. 1934இல் டி பிரீஸ்டை ஆர்தர் மிட்செல் தோற்கடித்தார். நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பின ஜனநாயகக் கட்சிக்காரர் அவர். 1936இல் கறுப்பின ஓட்டில் சுமார் 70 விழுக்காடு பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1936இல் ஜனநாயகக் கட்சி திருந்திவிட்டதா? இல்லவே இல்லை. தெற்கில் அது வெள்ளையர் கட்சிதான். கும்பல் கொலைத் தடுப்புச் சட்டத்துக்காக ரூஸ்வெல்ட் தன் செல்வாக்கைச் செலவழிக்கவில்லை. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாட்களையும் வீட்டு வேலைக்காரர்களையும் விட்டுவிட்டது. தெற்கில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் செய்தது அந்த வேலைகளைத்தான். இவ்வளவும் தெரிந்தேதான் அவர்கள் வந்தார்கள். வேலையும் நிவாரணமும் அவசரம். கட்சி மாறியதால் மக்கள் வரவில்லை. மக்கள் வந்ததால்தான் கட்சி மாற ஆரம்பித்தது.

அதற்குச் சான்று 1948. அந்த ஜூலையில் ஜனநாயகக் கட்சி மாநாடு குடியுரிமைத் தீர்மானத்தை ஏற்றது. தெற்கிலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் வெளிநடப்பு. அதே மாதம் ட்ரூமன் ராணுவத்தில் இனப் பாகுபாட்டை ஒழிக்க உத்தரவிட்டார். தெற்கின் ஸ்ட்ராம் தர்மண்ட் தனிக் கட்சியாக நின்று நான்கு மாநிலங்களைப் பிடித்தார். ட்ரூமன் ஒழிந்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஒஹாயோவை வெறும் 7,107 ஓட்டில் பிடித்தார். கலிபோர்னியா, இல்லினாய் இரண்டும் அதே மாதிரி நூலிழை. இந்த மூன்றும் டூயி பக்கம் போயிருந்தால் ஜனாதிபதி டூயிதான். கிளீவ்லாந்திலும் சிகாகோவிலும் விழுந்த கறுப்பின ஓட்டு இல்லாமல் இந்தக் கணக்கு நேராகாது. ட்ரூமனின் ஆலோசகர்கள் 1947லேயே இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

தலைவர்கள் கதவைச் சாத்தலாம்

அப்படியானால் தலைவர்களுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. 1960இல் நிக்சனுக்கே கறுப்பின ஓட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் அவருக்காகப் பிரசாரம் செய்தார். நாலே வருஷத்தில் கோல்ட்வாட்டருக்கு விழுந்தது சுமார் 6 விழுக்காடு. 1964 குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட வேட்பாளர் அவர். அந்தச் சட்டத்தை செனட்டில் எதிர்த்த 27 பேரில் 6 பேர்தான் குடியரசுக் கட்சி, 21 பேர் ஜனநாயகக் கட்சி. ஆனாலும் வேட்பாளர் யார் என்பதை ஜனங்கள் பார்த்தார்கள். அந்த வருஷக் குடியரசுக் கட்சி மாநாட்டுக்குப் போய்வந்த ராபின்சன், ஹிட்லரின் ஜெர்மனியில் ஒரு யூதனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அங்கே புரிந்ததாகப் பின்னால் எழுதினார்.

இங்கே ஒரு நல்ல மாற்று வரலாறு காத்திருக்கிறது. ராக்கஃபெல்லர் கலிபோர்னியா முன்தேர்தலில் கோல்ட்வாட்டரிடம் தோற்றது சுமார் 3 விழுக்காட்டில். விவாகரத்து, மறுமணம் என்று அவரைச் சுற்றிக் கிளம்பிய வம்பு கொஞ்சம் அடங்கியிருந்த நேரம். ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் முன்னால் புது மனைவிக்குக் குழந்தை பிறந்து மறுபடி எல்லாம் பேச்சுக்கு வந்தது. அந்தக் குழந்தை ஒரு வாரம் கழித்துப் பிறந்திருந்தால்?

அப்போதும் குடியரசுக் கட்சி லிங்கன் கட்சியாகவே இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தெற்கின் வெள்ளையர் வீட்டைக் காலி செய்த வேகத்தைப் பாருங்கள். சட்டத்தை எதிர்த்த அந்த 21 ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் குடியரசுக் கட்சிக்குத் தாவியவர் தர்மண்ட் ஒருவர்தான். மற்றவர்கள் இருந்த கட்சியிலேயே இருந்து முடித்தார்கள். 1976இல்கூட ஜிம்மி கார்ட்டர் வர்ஜீனியா தவிரப் பழைய கூட்டமைப்பு மாநிலங்கள் எல்லாவற்றையும் பிடித்தார். தெற்கின் பிரதிநிதிகள் சபை இடங்களில் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது 1994இல். ஜார்ஜியாவில் அந்தக் கட்சி ஆளுநர் தேர்தலை மறுபடி ஜெயித்தது 2002இல். தலைவர்கள் தாவியதால் நடந்தது இல்லை. கிழவர்கள் போக, பிள்ளைகள் வேறு வீட்டில் குடியேறினார்கள். கோல்ட்வாட்டர் ஒரு கதவைச் சாத்தி இன்னொன்றைத் திறந்தார். அவர் இல்லாவிட்டால் கொஞ்சம் தாமதமாக வேறு யாராவது அதைச் செய்திருப்பார்கள்.

யாருக்குப் புகழ், யார் மேல் பழி

இது வெறும் இலக்கியத் தகராறு இல்லை. இன்றைக்கும் இணையத்தில் ஒரு சண்டை ஓயாமல் நடக்கிறது. "அடிமை முறையின் கட்சி ஜனநாயகக் கட்சிதானே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அதெல்லாம் அப்போ, கட்சிகள் இடம் மாறிடுச்சு" என்று இன்னொருவர் பதில் போடுவார். முதலாமவர் கட்சியைப் பரம்பரைப் பாவம் சுமக்கும் ஒரு ஆளாக நினைக்கிறார். இரண்டாமவர் பாவத்தைக் கழுவிவிட்டு வந்த ஆளாக நினைக்கிறார். ரெண்டு பேருக்கும் கட்சி ஒரு ஆள். சர்ச்சிலின் கட்டுரையில் இருக்கும் அதே தவறு, நூறு வருஷம் ஆகியும் தீரவில்லை.

இதில் காணாமல் போவது ஜார்ஜியாவிலோ மிசிசிப்பியிலோ நிலத்தை விட்டு, சொந்தங்களை விட்டு ரயிலேறியவர்கள். தங்களை மதிக்காத ஒரு கட்சிக்குள் கண்ணைத் திறந்துகொண்டே நுழைந்து, முப்பது வருஷம் உள்ளே இருந்து அதைத் திருப்பியவர்கள். கட்சிகள் தாமாக இடம் மாறின என்று சொன்னால் அந்த வேலைக்கான கூலி ஜனாதிபதிகள் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எனக்குப் படிக்க ஆசையாக இருக்கும் மாற்று வரலாற்றில் போரின் முடிவு மாறாது, யாரும் சுடப்படவோ பிழைக்கவோ வேண்டாம். 1914இல் ஐரோப்பாவில் போர் மூளவில்லை, அவ்வளவுதான். கப்பல்கள் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கின்றன. சிகாகோ ஆலைகளுக்குத் தெற்கிலிருந்து ஆள் தேவைப்படவில்லை. ரயில் பாதி காலியாகப் போகிறது. 1934இல் மிட்செல் இல்லை, 1948இல் ஒஹாயோ கணக்கு இல்லை, மாநாட்டில் அந்தத் தீர்மானத்தை முன்வைக்க யாருக்கும் அவசரம் இல்லை. ரெண்டு கட்சிகளும் தெற்கு ஒரு மாதிரி, வடக்கு ஒரு மாதிரி என்று கலந்தே கிடக்கின்றன. மிசிசிப்பியில் ஒரு பருத்திக் காட்டில், ஓட்டே போட்டிராத ஒருவரின் வீட்டுச் சுவரில் லிங்கன் படம் இன்னும் நேராகவே தொங்குகிறது.

யாராவது எழுதினால் சொல்லுங்கள்.